நேரான கேரட்

இந்தக் கதையில் ஒரே ஒரு இடத்தில் தடுமாற்றம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் தரையில் விழுகிற டம்ளர் கண்ணாடி டம்ளரா, ஸ்டீல் டம்ளரா என்பது சரியாக நினைவில் இல்லை. அங்கே இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உதவியாளன் கண்ணாடி என்கிறான். மேடம் எதுவும் சொல்வதில்லை. மேடம் எதற்குமே எதுவும் சொல்வதில்லை என்பதால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. அதாவது, உதவியாளன் சொன்னபடி.

அவனை எல்லோரும் 'வாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுடைய அம்மாகூட. தூக்கத்திலும் பேசுகிறவன். அப்படிப்பட்டவன் வேலைக்குச் சேர்ந்தது, ஊரிலேயே குறைவாகப் பேசுகிற ஆளிடம். மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கிற வேலையில் இருந்தார். மீட்டிங்கில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள் என்பதற்காக அந்த வேலையை விட்டுவிட்டு, சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துத் துப்பறிய உட்கார்ந்தவர்.

மேடத்தின் முறை ரொம்ப எளிமையானது. எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எதிராளி எதையாவது சொல்வார். அதற்கும் மேடம் சும்மா இருப்பார். எதிராளி உண்மையைச் சொல்லிவிடுவார். இதில் ஒரே சிக்கல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாய்க்கும் அந்த அமைதி தாங்காது. வேறு யாரோ செய்த திருட்டை விசாரிக்கப் போன இடத்தில், மேடத்தின் பிஸ்கட்டைத் தின்றது தான்தான் என்று அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அன்று காலை அந்த அறைக்கு வந்த தோட்டக்காரம்மாவிடம் மேடத்தின் மௌனம் பலிக்கவில்லை.

நாற்பதைத் தாண்டிய வயது. வெயிலில் காய்ந்த கைகள், நகத்துக்குள் செம்மண். கேரட் பயிரிடுகிறவர். கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இல்லை. அவர் பேச வேண்டியதைப் பேசினார். பிறகு மேடத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேடமும் பார்த்தார். சுவரில் கடிகாரம் ஓடியது. கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்து, மணியடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேரும் இமைக்கவில்லை.

வாய் மட்டும் நெளிந்தான். "நேத்து ஆபீஸ் ஃபேனை உடைச்சது நான்தான் மேடம்," என்றான்.

யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தோட்டக்காரம்மா சொன்ன விஷயம் இதுதான். அவர்கள் பக்கத்தில் யுரேனியம் தோண்டிய சுரங்கம் ஒன்று இருந்தது. அதை மூடிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் தோண்டிப் போட்ட கழிவு குன்று மாதிரி இன்னும் நிற்கிறது. சுற்றியிருக்கிற வயல்களில் விளைகிற காய்களில் கதிரியக்கம் இருக்கிறதா என்று அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்தார்கள். எல்லா வயலும் சுத்தம். இவருடைய வயல் மட்டும் அளவுக்கு மேல். கேட்டில் நோட்டீஸ் ஒட்டி, வயலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். நாளைக் காலையில் டிராக்டர் வரும். விளைந்ததை எல்லாம் உழுது புதைப்பார்கள். அதற்கப்புறம் அந்த மண்ணில் அவர் ஒரு விதை போட முடியாது.

"என் வயல் அந்தக் குன்னுலேர்ந்து ஒரு வயல் தள்ளித்தாங்க இருக்கு," என்றார். "குன்னை ஒட்டினாப்புல இருக்கறது என் நாத்தனார் வயல். அது சுத்தமாம். என்னுது விஷமாம். இதுல ஏதோ நடந்திருக்கு. என்னன்னு நீங்க கண்டுபிடிக்கணும்."

"யார் மேலயாவது சந்தேகமாம்மா?" என்றான் வாய். "உங்களைப் பிடிக்காதவங்க?"

"நாத்தனார்னு சொன்னேனே."

"அது உறவும்மா. சந்தேகம் யார் மேலன்னு கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அவங்க செஞ்சாங்கன்னு நான் சொல்லலை. என்ன நடந்ததுன்னு நீங்களா கண்டுபிடிச்சாத்தான் நல்லது." அந்த 'நீங்களா' என்ற வார்த்தையில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது. வாய் அதைக் கவனிக்கவில்லை. மேடம் கவனித்தார் என்பது, அவர் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்ததில் தெரிந்தது.

*

முதலில் தோட்டக்காரம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். வயலை ஒட்டிய ஓட்டு வீடு. வாய் தண்ணீர் கேட்டான், அவர் சமையலறைக்குள் போனார், இவனும் பின்னாலேயே போனான். விசாரணை என்றால் சமையலறையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் கொள்கை. எப்போதாவது முறுக்கு கிடைக்கும்.

மேடையில் ஒரு காகிதப் பை இருந்தது. அதற்குள் கேரட். தழையை ஒட்ட நறுக்கி, கழுவி, ரப்பர் பேண்டு போட்ட கட்டு.

"கடை கேரட்," என்றான் வாய். "கேரட் விளைவிக்கிறவங்க கடையில கேரட் வாங்கறதை இப்பத்தான் பார்க்கிறேன். மீன்காரர் வீட்டுக்கு மீன் வாங்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

தோட்டக்காரம்மா பையை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். "என் வயலைத்தான் கட்டிப் போட்டுட்டாங்களே. பொரியலுக்கு வேணும்ல?"

நியாயமான பதில். ஆனால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது கத்தரிக்காய்.

பின்பக்கக் கதவைத் திறந்தால் வயல். சிவந்த மண், மண்ணை விட அதிகமாகக் கல். மஞ்சள் நாடா காற்றில் படபடத்தது. நாடாவுக்கு இந்தப் பக்கம் ஆட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு பாத்தி தப்பித்துக் கிடந்தது. வாய் குனிந்து, ஒரு தழையைப் பிடித்து இழுத்தான். வந்தது கேரட் மாதிரியே இல்லை. பாதி வரைக்கும் ஒன்றாக இருந்து, அப்புறம் மூன்றாகப் பிரிந்து, அதில் ஒரு கால் மற்ற இரண்டையும் சுற்றிக்கொண்டு நின்றது. பஸ் வராமல் வெகுநேரம் காத்திருக்கிற ஆள் மாதிரி.

தோட்டக்காரம்மா அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவர் முகம் சிவந்துவிட்டது. "கல்லு மண்ணு," என்றார். "அடியில கல் இடிச்சா காய் ரெண்டா மூணா பிரிஞ்சுடும். ருசி நல்லாத்தான் இருக்கும்."

"அதைப் போய் எதுக்குப் பார்க்கறீங்க தம்பி," என்றது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல். "அது கேரட் இல்ல. விபத்து."

நாத்தனார். கணவரின் அக்கா. தோட்டக்காரம்மாவை விடப் பத்து வயது மூத்தவர், ஒரு சுற்றுப் பெருத்தவர். இரண்டு வயல்களுக்கும் நடுவில் கம்பி வேலி. அந்தப் பக்கத்துப் பாத்திகள் சலித்து எடுத்த மாவு மாதிரி சாம்பல் நிறத்தில், ஒரு கல் இல்லாமல் இருந்தன. நாத்தனார் கையிலிருந்த கேரட் அடிக்கோல் வைத்து வரைந்த மாதிரி நேராக இருந்தது.

"இப்படி விளையணும்," என்றார் நாத்தனார். "சந்தையில என் மூட்டையைப் பிரிச்சா மத்த மூட்டைங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. என் தம்பி பொண்டாட்டிக்கு ஆயிரம் தடவை சொல்லிட்டேன், மண்ணைக் கவனின்னு. கேட்டாத்தானே."

"ஆடுங்க நல்லாத் தின்னுதுங்க அண்ணி," என்றார் தோட்டக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆட்டுக்கு என்னம்மா தெரியும், கோணலும் நேரும்."

வாய்க்கு அந்த நேரான கேரட் மீது ஒரு கண். "ஒண்ணு குடுங்களேன்மா, சாட்சிக்கு," என்று வேலியைத் தாண்டக் கால் போட்டான். ஒரு கால் அந்தப் பக்கம் இறங்கியது. பேன்ட் கம்பியில் மாட்டிக்கொண்டது. இடது கால் நாத்தனார் வயலில், வலது கால் தோட்டக்காரம்மா வயலில், நடுவில் வாய்.

"சாட்சிக்கெல்லாம் சும்மா தர முடியாது," என்றார் நாத்தனார். "கிலோ கணக்குல எடுத்துக்குங்க."

"முதல்ல என்னை எடுத்து விடுங்கம்மா."

"எந்தப் பக்கம்?"

இரண்டு பெண்களும் அன்று ஒத்துப்போன ஒரே விஷயம், அவனை இழுப்பதில்தான். பேன்ட் கிழிந்ததோடு, வந்த பக்கமே வந்து விழுந்தான். மேடம் இதையெல்லாம் பார்த்தபடி நின்றார். சிரித்த மாதிரி இருந்தது என்று வாய் பிற்பாடு சொன்னான். அதை நம்ப வேண்டியதில்லை.

*

பரிசோதனைக் கூடம் ஒரு நீளமான கட்டடத்தின் கடைசி அறை. கதவைத் திறந்தால் ஸ்பிரிட் வாசனை, பழைய குளிர்ப்பெட்டியின் இரைச்சல், ஈயத்தால் மூடிய ஒரு பெரிய மெஷின். லேப்காரர் ஒல்லியானவர், பளபளவென்று புது ஷூ போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் ஷூவைத் தரையில் முழுசாக வைக்காமல் விரல் நுனியில் நிறுத்தியிருந்தார்.

"மெஷின் பொய் சொல்லாதுங்க," என்றார். "மூணு தடவை போட்டுப் பார்த்தேன். அந்தம்மா பேர் போட்ட டப்பாவுல இருந்த கேரட்தான் அளவுக்கு மேல. மத்ததெல்லாம் சுத்தம்."

"மறுபடியும் வயல்ல போய் எடுத்துப் பார்க்கலாமே?" என்றான் வாய்.

"எடுத்த காய் தப்புன்னு அந்த வயல்காரங்க யாராவது சொல்லணும். அப்படிச் சொன்னாத்தான் மறுபரிசோதனை. இந்த விதியைச் சொல்லி அந்தம்மாகிட்ட நானே கேட்டேன். அந்தம்மா வாயே திறக்கலை. நாளைக்கு டிராக்டர்."

மேடம் அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

லேப்காரர் ஒரு பேனாவை எடுத்தார். வைத்தார். "காயை எடுத்தது நான்தான்," என்றார்.

மேடம் சும்மா இருந்தார்.

"எடுத்ததுன்னா, வாங்கினது. அன்னைக்கு வயல்ல ஒரே சேறு." அவர் பார்வை தன் ஷூவுக்குப் போய்த் திரும்பியது. "ரோட்டோரத்து ஷெட்டுல உட்கார்ந்துக்கிட்டு, அவங்கவங்க வயல்லேர்ந்து ஒரு கூடை கொண்டாங்கன்னு சொன்னேன். கொண்டாந்தாங்க. இதைப் போய் வெளியில சொல்லிடாதீங்க. எனக்கு வேலை போயிடும்."

"ஷூ நல்லா இருக்கு சார்," என்றான் வாய், அனுதாபத்தோடு.

லேப்காரர் குளிர்ப்பெட்டியைத் திறந்து, மிச்சம் வைத்திருந்த டப்பாக்களைக் காட்டினார். தோட்டக்காரம்மா பேர் போட்ட டப்பாவை மேடம் திறந்தார். வாய் தலையை நீட்டிப் பார்த்தான். அழகான கேரட்டுகள். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் நிற்கிற மாதிரி வரிசையாக, விறைப்பாக நின்றன.

பிறகு நாத்தனார் பேர் போட்ட டப்பாவை மேடம் திறந்து, மூடியை மறைத்துப் பிடித்துக்கொண்டு, தான் மட்டும் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரே ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஒரு ஓரம் பல் பட்டுக் குதறியிருந்தது.

"சார், டெஸ்ட் பண்றேன்னு சொல்லிட்டு நடுவுல ஒரு கடியா?" என்றான் வாய்.

"நான் தொடலை," என்றார் லேப்காரர் அவசரமாக. "காய் எப்படி இருக்குன்னு நான் பார்க்கறதில்லை. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறதுதான் என் வேலை."

அந்த நேரத்தில்தான் மேஜை மேலிருந்த, கதிரியக்கம் பார்க்கிற சின்ன மெஷினை வாய் கையில் எடுத்தான். டார்ச் மாதிரி இருந்தது. அழுத்தினான். மெதுவாக 'டிக்... டிக்' என்றது. விளையாட்டாகக் குளிர்ப்பெட்டியில் காட்டினான், லேப்காரரின் வழுக்கையில் காட்டினான். பிறகு கிழிந்த பேன்ட்டைப் பார்க்கக் குனிந்தான். மெஷின் சோளம் பொரிகிற மாதிரி சடசடவென்று கத்தத் தொடங்கியது.

வாய்க்கு முதல்முறையாகப் பேச்சு வரவில்லை.

"எங்க மிதிச்சீங்க?" என்றார் லேப்காரர்.

"அந்தம்மா வயல்ல." பேன்ட்டைத் தட்டிவிட்டான். "சார், எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை."

"பார்த்தீங்களா? நான்தான் சொன்னேன்ல, அந்த வயல்தான்னு." லேப்காரர் மெஷினை வாங்கி அவனுடைய வலது ஷூவில் காட்டினார். 'டிக்... டிக்.' இடது ஷூவில் காட்டினார். சோளம் பொரிந்தது. மறுபடி வலது. அமைதி. மறுபடி இடது. "பயப்படாதீங்க, தூசிதான். கழுவினாப் போயிடும். ஆனா இந்த ஷூ இங்கேயே இருக்கட்டும்."

"ஒண்ணு மட்டுமா?"

"அது ஒண்ணுதானே கத்துது."

மேடம் வாயின் இரண்டு கால்களையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கடியுண்ட கேரட் துண்டை டப்பாவில் போட்டு மூடினார். இரண்டு டப்பாவையும் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். லேப்காரர் ஆட்சேபிக்க வாயெடுத்தார். மேடம் அவருடைய புது ஷூவைப் பார்த்தார். அவர் ஆட்சேபிக்கவில்லை.

ஸ்கூட்டரில் ஏறும்போது மேடம் ஒரு வாக்கியம் பேசினார். "நாத்தனார் வீட்டுல கர்ப்பிணிப் பொண்ணு இருக்கா. பழம் வாங்கிட்டுப் போகணும்."

"அது எப்படித் தெரியும்?"

"கொடியில தொளதொளன்னு பிள்ளைத்தாச்சி நைட்டி காய்ஞ்சுது," என்றார் மேடம். அன்றைய கணக்குக்கு அதிகமாகவே பேசிவிட்ட களைப்பில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். வாய் ஒற்றை ஷூவோடு பின்னால் உட்கார்ந்தான். வலது கால் கனவான், இடது கால் பிச்சைக்காரன்.

*

நாத்தனார் வீட்டுக் கூடம். நடுவில் ஒரு மேஜை. தோட்டக்காரம்மாவைக் கூட்டி வர வாய் பட்ட பாடு தனிக்கதை. "நான் அந்த வீட்டுப் படி ஏறி வருஷமாச்சு," என்றார் அவர். ஆனால் உள்ளே நுழைந்ததும் எந்த நாற்காலி ஆடும் என்று தெரிந்து, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேடம் வந்ததும் பழப்பையோடு நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார். அங்கே நாத்தனாரின் மகள் இருந்தாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறவள், வயிறு நன்றாகத் தெரிந்தது. உள்ளே ஏதோ பேச்சு நடந்தது. மேடமா பேசுகிறார் என்று வாய் காதைத் தீட்டினான். அந்தப் பெண்தான் பேசினாள். மேடம் சும்மா இருந்திருப்பார்.

மேடம் வெளியே வந்து, இரண்டு டப்பாக்களையும் மேஜையில் திறந்து வைத்தார். தோட்டக்காரம்மா பேர் போட்டதில் நேரான கேரட்டுகள். நாத்தனார் பேர் போட்டதில்? இப்போதுதான் வாய் பார்த்தான். இரண்டு காலும் மூன்று காலுமாக, ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கும்பல்.

அவன் தன் ஒற்றை ஷூவைப் பார்த்தான். கேரட்டுகளைப் பார்த்தான். வலது கால் நின்ற வயல், இடது கால் நின்ற வயல்.

"அட," என்றான். "இது உங்களுது. அது அவங்களுது. மாறிப் போயிருக்கு. விஷம் அந்த வயல்ல."

இரண்டு பெண்களும் டப்பாக்களிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

"பேர் மாத்தி எழுதிட்டாரா லேப்காரர்?"

"இல்லை," என்றார் மேடம். "அவங்கவங்க குடுத்ததைத்தான் எழுதினார்."

அப்புறம் மேடம் தன் வேலையைத் தொடங்கினார், அதாவது சும்மா இருந்தார். நாத்தனார்தான் முதலில் தடுமாறினார். கேரட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் வாயைப் பார்த்தார், அவன்தான் தன்னைக் காட்டிக் கொடுத்தவன் என்பது போல.

"சும்மா குடுக்கற சாமானுக்கு நேரான கேரட் எதுக்கு?" என்றார் திடீரென்று. "ஒரு கூடை கொண்டான்னு சொன்னார். விலை தருவாரா? தர மாட்டார். அரைச்சு மெஷின்ல போடப் போறார். அதுக்குப் போய் நல்லதைப் பிடுங்குவேனா? இவ ஆட்டுக் கொட்டகைப் பக்கம் குவிச்சு வெச்சிருந்தா. வேலிக்கு மேல கையை விட்டு ஒரு கூடை அள்ளினேன். ஆட்டுக்குப் போடறதுதானே."

வாய் கடிபட்ட துண்டை எடுத்துக் காட்டினான். "ஆடு இதை முன்னாடியே ருசி பார்த்திருக்கு."

"என் வயல்லேர்ந்து எடுத்தீங்களா அண்ணி?" என்றார் தோட்டக்காரம்மா. கோபமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. மேடம் இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டக்காரம்மா மேடத்தைத் திருப்பிப் பார்த்தார். காலையில் நடந்ததே மறுபடி நடந்தது. மேடத்தின் மௌனம் இதுவரை யாரிடமும் தோற்றதில்லை, இன்று இரண்டாவது முறையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. வாய் பற்களைக் கடித்துக்கொண்டு, ஃபேனைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டோம் என்று தனக்குத்தானே நினைவுபடுத்திக்கொண்டான்.

அப்போது சமையலறையிலிருந்து நாத்தனாரின் மகள் வந்தாள். கையில் டம்ளர், டம்ளர் நிறைய ஆரஞ்சு நிறத்தில் ஜூஸ்.

"அம்மா, இனிமே தினமும் ஒண்ணு குடிக்கணுமாம். குழந்தைக்கு நல்லதாம்," என்றாள்.

"அதான் நான் அப்பவே சொன்னேன்," என்றார் நாத்தனார் பெருமையோடு. "நான் கோணல் தின்னாலும் தின்பேன், என் பொண்ணுக்கு மட்டும் நேரானதுலேர்ந்து எடுத்து வெச்சிருக்கேன். குடி கண்ணு."

மகள் டம்ளரை உதட்டுக்குக் கொண்டு போனாள்.

தோட்டக்காரம்மா எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. அவர் கை டம்ளரைத் தட்டிவிட்டதுதான் தெரிந்தது. கண்ணாடி என்றால் உடைந்திருக்கும், ஸ்டீல் என்றால் உருண்டிருக்கும். இரண்டில் ஒன்று நடந்தது. ஜூஸ் தரையிலும், சுவரிலும், வாயின் கிழிந்த பேன்ட்டிலும் தெறித்தது.

"குடிக்காதே," என்றார் தோட்டக்காரம்மா. "உங்க அம்மா கேரட்டைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா? நான் வாங்கித் தந்ததை மட்டும் சாப்பிடுன்னு சொன்னேனா இல்லையா?"

"அதைத்தான் சாப்பிடறேன் அத்தை," என்றாள் மகள். "தினமும் பையில ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டாந்து ஜன்னல்ல வெக்கிறீங்களே. அதை மட்டும்தான்."

வாய் விரலால் பேன்ட்டிலிருந்து ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தான். "ஆரஞ்சு," என்றான். "மேடம், இது ஆரஞ்சு ஜூஸ்."

மேடம் நாற்காலியை இழுத்து, தோட்டக்காரம்மாவை உட்கார வைத்தார்.

"என்னுதுன்னு நான் குடுத்தது இவங்க கேரட்டுங்க," என்றார் தோட்டக்காரம்மா. அவர் யாரையும் பார்க்காமல், தரையில் பரவிய ஆரஞ்சைப் பார்த்துச் சொன்னார். "ஆபீசர் வர்றார், கூடையைக் கொண்டான்னாங்க. என் கேரட்டை எப்படிக் கொண்டு போய் நாலு பேர் நடுவுல வெக்கிறது? பக்கத்துல இவங்க கூடை வேற இருக்கும். போட்டோ எடுக்கப் போறப்போ பக்கத்து வீட்டுச் சட்டையை இரவல் வாங்கறதில்லையா? அப்படித்தான். விடியறதுக்குள்ள வேலியைத் தாண்டிப் போய் ஒரு கூடை பிடுங்கினேன். காய் அழகா இருந்தா பாஸ் பண்ணிடுவாங்கன்னு நினைச்சேன்."

"அப்புறம் தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாமே?" என்றான் வாய். "ஒரு வார்த்தை. உங்க வயல் தப்பிச்சிருக்கும்."

"இவங்ககிட்டயா? 'உங்க கேரட்டைத் திருடினேன், என்னுது மாதிரி கோணலா இல்லைன்னு திருடினேன்'னு இவங்க முகத்தைப் பார்த்துச் சொல்றதா?" அவர் தலையை ஆட்டினார். "வயல் போனாப் போகட்டும்னு இருந்துட்டேன். ஆனா இந்தப் பொண்ணை நினைச்சா மனசு கேக்கலை. அதான் கடையில வாங்கினேன். அப்புறம் உங்ககிட்ட வந்தேன். நீங்களா கண்டுபிடிச்சா நான் சொன்னதா ஆகாதுல்ல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்த முறை அந்த அமைதி மேடம் உண்டாக்கியதில்லை.

நாத்தனார் மேஜையிலிருந்து ஒரு நேரான கேரட்டை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், நெருப்பைத் தொட்டவர் போல் கீழே வைத்தார். "இதுல எப்படி?" என்றார். "என் மண்ணு மாவு மாதிரி மண்ணாச்சே."

"அந்த மாவு எங்கேருந்து வந்தது?" என்றார் மேடம்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் அந்தக் குன்று நின்றது. சுரங்கத்துக் கல்லை அரைத்துச் சலித்துக் கொட்டிய மணல்.

"சும்மாதானே கிடந்துச்சு," என்றார் நாத்தனார் மெல்ல. "வண்டி வண்டியா கொண்டாந்து கொட்டினேன். கேக்க ஆளில்லை. கல்லே இல்லாத மண்ணு. கேரட் நூல் பிடிச்ச மாதிரி வந்தது." சற்று நேரம் கழித்து, தம்பி மனைவியைப் பார்க்காமலே, "உன் பாத்தியிலயும் ரெண்டு வண்டி கொட்டச் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார்.

"ஏன் சொல்லலை அண்ணி?"

"உன்னுதும் நேரா வந்துட்டா?"

முதலில் சிரித்தது கர்ப்பிணிதான். அப்புறம் தோட்டக்காரம்மா. நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் வாய்க்கு வித்தியாசம் தெரியவில்லை. அவன் லேப்காரருக்குப் போன் போட்டு, எடுத்த காய் தப்பு என்று வயல்காரம்மாவே சொல்கிறார் என்றான். "காரணம் என்னன்னு எழுதறது?" என்றார் லேப்காரர். "அழகுன்னு எழுதுங்க சார்," என்றான் வாய். "ஷூவைப் பத்தி நாங்க வாய் திறக்க மாட்டோம்." வாயின் வாழ்க்கையில் காப்பாற்றப்பட்ட ஒரே ரகசியம் அதுதான்.

*

மறுநாள் டிராக்டர் வரவில்லை. லேப்காரர் வந்தார், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தானே பாத்தியில் இறங்கித் தானே பிடுங்கினார். தோட்டக்காரம்மாவின் கேரட்டுகள் சுத்தம். நோட்டீஸையும் மஞ்சள் நாடாவையும் அவிழ்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் கட்டினார்கள். சந்தைக்குப் போன நேரான கேரட் மூட்டைகள் திரும்பி வந்து குழிக்குள் போயின. நாத்தனாரின் பாத்தி மண்ணை வாரி, எடுத்த இடத்துக்கே கொண்டு போய்க் கொட்டினார்கள். குன்றைச் சுற்றி இப்போது சுவர் இருக்கிறது.

நாத்தனார் தன் வயலில் எதுவும் பயிரிடக் கூடாது. அதனால் தம்பி மனைவியின் வயலில் பாதியைப் பார்த்துக்கொள்கிறார். தினமும் கல் பொறுக்குகிறார்கள், தினமும் சண்டை போடுகிறார்கள். கேரட் இன்னும் கோணலாகத்தான் வருகிறது. லாரியிலிருந்து இறங்கிய கணவர், அக்காவும் மனைவியும் ஒரே பாத்தியில் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வேறு யாரோ வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று திரும்பப் போனார். நாத்தனாரின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் எல்லாம் பார்த்தார். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, குரல் மட்டும் பாட்டியுடையது. லேப்காரர் இப்போதும் பூட்ஸோடுதான் வயலுக்குப் போகிறார்.

மேடம் சைக்கிள் கடைக்கு மேலே அந்த அறையில் இருக்கிறார், பேசாமல். ஃபேனைச் சரிசெய்தார்கள். வாயின் இடது ஷூவை லேபில் ஈயப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், இனிமேல் தர மாட்டார்கள். வலது ஷூ அறை வாசலில் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போட அவனுக்கு மனசில்லை.